‘வாதம் இருக்கு, இந்த மருந்து சரிவராது’ என்று சொல்வதற்கு முன்: வடக்கின் மருத்துவ நிபுணர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்திலும் வடக்கின் மற்ற மாவட்டங்களிலும் புற்றுநோய் பார்க்கும் டொக்டர்மாருக்கும், வாதநோய், சிறுநீரக, பொது மருத்துவ நிபுணர்களுக்கும், இவர்களை எல்லாம் ஒரு மேசையில் இருத்தக்கூடிய மாகாண சுகாதார நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. கோண்டாவிலில் இருக்கிறேன், கணக்கு வேலை. என் அக்காவுக்குப் பல வருடங்களாக மூட்டுவாதம் இருக்கிறது, கிளினிக் கொப்பியில் நீங்கள் ருமட்டோயிட் ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுவது. அதற்கு மேல் சிறுநீரகப் புற்றுநோயும் வந்து, அது நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது. இந்த இரண்டு வருத்தமும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன நடக்கிறது என்பதை அக்காவோடு கிளினிக் வாங்கில்களில் காத்திருந்து பார்த்ததாலும், கையில் கிடைத்த ஆய்வுகளை இரவிரவாக இருந்து வாசித்ததாலும் இதை எழுதுகிறேன்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னெதிர்ப்பு நோய் (ஓட்டோஇம்யூன் என்பது, மூட்டுவாதம் போல உடம்பின் நோயெதிர்ப்பே உடம்பைத் தாக்கும் வருத்தம்) உள்ள ஒருவருக்கு சிறுநீரகப் புற்றுநோய் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால், இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பை அவிழ்த்துவிட்டுப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் மருந்து) கொடுக்கலாமா கூடாதா என்பதை ஒரு டொக்டர் தனியே முடிவெடுக்க வேண்டாம். புற்றுநோய் பார்ப்பவரும் அந்தத் தன்னெதிர்ப்பு நோயைப் பார்ப்பவரும் பேசி, நோயாளியையும் கேட்டு முடிவெடுங்கள். முடிவு ‘இல்லை’ என்றாலும் சரி, ஆனால் அது பேசி எடுத்த ‘இல்லை’யாக இருக்கட்டும்.

அக்காவுக்கு ஒரு பக்கச் சிறுநீரகத்தை எடுத்த பிறகு கொஞ்சக் காலம் சுகமாகத்தான் இருந்தார். பிறகு ஸ்கானில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. காட்டப் போன இடத்தில் கொப்பியைப் புரட்டியவர், வாதத்துக்கு அக்கா எடுக்கும் மெதோட்ரெக்சேட் என்ற குளிசையின் பெயரைக் கண்டதும், “உங்களுக்கு ஓட்டோஇம்யூன் வருத்தம் இருக்கு, இம்யூனோதெரபி சரிவராது” என்றார். அவ்வளவுதான், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள். வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்த வாதத்தை வருடக்கணக்காகப் பார்த்துவரும் டொக்டர் யார், இப்போது வாதம் எந்த நிலையில் இருக்கிறது, ஸ்டீரொய்ட் எத்தனை மில்லிகிராம் போகிறது என்று ஒரு கேள்விகூட அந்த அறையில் கேட்கப்படவில்லை. ஒருவருடைய ஆயுளைக் கூட்டக்கூடிய ஒரு மருந்தின் கதவு, கொப்பியில் இருந்த ஒரு குளிசையின் பெயரைப் பார்த்து மூடப்பட்டது.

இதை வாசிக்கிற சாதாரண சனத்துக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், டொக்டர்மார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் என்றதும் எங்கள் வீடுகளில் முதலில் கேட்பது “கீமோ எப்ப தொடங்குவினம்?” என்பதுதான். சிறுநீரகப் புற்றுநோய்க்கு வழக்கமான கீமோ பெரிதாக வேலை செய்வதில்லை. 1992இல் அமெரிக்காவில் இன்டர்லியூக்கின்-2 என்ற ஊசி அனுமதிக்கப்பட்டது. நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் மருந்து, சிலருக்கு அற்புதமாக வேலை செய்தது, ஆனால் அதைத் தாங்கக்கூடிய உடம்பு சிலருக்கே இருந்தது. 2005 கடைசியிலும் 2006இலும் சொராபெனிப், சுனிட்டினிப் என்ற குளிசைகள் வந்தன, பிறகு பசோபனிப், அக்சிட்டினிப், கபோசான்டினிப். இவை கட்டிக்கு இரத்தக்குழாய் வளரும் வழியை மறிக்கிறவை, நோயெதிர்ப்போடு நேரடியாக மல்லுக்கட்டுவதில்லை. அதனால் வாதமோ லூபஸ் போன்ற வேறு தன்னெதிர்ப்பு நோயோ உள்ளவருக்கு இவற்றைக் கொடுக்க அவ்வளவு தயக்கம் இல்லை. பிறசர் ஏறும், வயிற்றோட்டம் வரும், உள்ளங்கை உள்ளங்கால் வெடிக்கும், தைரொயிட் குறையும், அது வேறு கதை.

2015 கார்த்திகையில் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. முன்பு குளிசை எடுத்தும் கட்டுப்படாதவர்களில் எவரோலிமஸ் என்ற வேறொரு குளிசை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 19.6 மாதமாக இருக்க, நிவோலுமாப் எடுத்தவர்களுக்கு அது 25 மாதமாக இருந்தது. 2018இல் நிவோலுமாப்போடு இபிலிமுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி ஊசியும் சேர்ந்து முதல் சிகிச்சையாகவே வந்தது. நோய் நடுத்தரமாகவோ மோசமாகவோ போகக்கூடியவர்களில் சுனிட்டினிப் 27 வீதமானவர்களுக்குக் கட்டியைச் சுருக்கிய இடத்தில் இந்தச் சோடி 42 வீதமானவர்களுக்குச் சுருக்கியது, 9 வீதமானவர்களுக்கு ஸ்கானில் கட்டி முழுதாகவே மறைந்தது. சுனிட்டினிப்பில் அப்படி மறைந்தது 1 வீதத்துக்கு. பரவிய புற்றுநோயில் 9 வீதம் என்றால் அது சின்ன விஷயம் இல்லை, அந்த வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். 2019இல் பெம்ப்ரோலிசுமாப்பும் அக்சிட்டினிப்பும், 2021இல் நிவோலுமாப்பும் கபோசான்டினிப்பும், அதே வருடம் பெம்ப்ரோலிசுமாப்பும் லென்வாட்டினிப்பும் என்று ஊசியும் குளிசையும் சேர்ந்த சிகிச்சைகள் வரிசையாக வந்தன.

இவை வேலை செய்யும் விதத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. எங்கள் உடம்பின் நோயெதிர்ப்புக் கலங்களான ரி-கலங்கள் வளவுக்குக் காவல் நிற்கும் நாய் என்றால், வீட்டு ஆட்களைக் கடிக்காமல் இருக்க அதற்கு ஒரு சங்கிலி உண்டு. பிடி-1, சிடிஎல்ஏ-4 என்பவை அந்தச் சங்கிலிகள். புற்றுநோய்க் கலம் தந்திரமாக அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்கிறது, இந்த மருந்துகள் அதை அவிழ்த்து விடுகின்றன. இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2018இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அக்காவின் உடம்பிலோ நாய் ஏற்கெனவே வீட்டு ஆட்களைக் கடித்துக்கொண்டிருக்கிறது, மூட்டுகளை. அவிழ்த்து விட்டால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமான பயம். அந்தப் பயத்தை நான் ஒருநாளும் மறுக்கவில்லை.

ஆனால் பயம் எவ்வளவு என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரிய பரிசோதனைகளில் செயற்பாட்டில் இருக்கும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, அதனால் அவர்களுக்கு என்ன நடக்கும் என்ற விடை அந்தப் பரிசோதனைகளில் இல்லை. அவர்களுக்கு இந்த மருந்து ஆகாது என்று யாரும் நிரூபித்ததால் அவர்கள் விலக்கப்படவில்லை, அவர்களைச் சேர்க்காமலே பரிசோதனை முடிந்தது, அவ்வளவுதான். பிறகு மருத்துவர்கள் துணிந்து கொடுத்தவர்களின் பதிவுகளைத் தேடிச் சேர்த்தார்கள். 2020இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் முன்பே தன்னெதிர்ப்பு நோய் இருந்த 106 பேர், அதில் 58 பேர் சிறுநீரகப் புற்றுநோயாளிகள், மற்றவர்களுக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய். 36 வீதமானவர்களுக்குப் பழைய நோய் கிளம்பியது. 38 வீதமானவர்களுக்கு மருந்தால் புதிதாக ஏதோ ஒரு நோயெதிர்ப்புப் பக்கவிளைவு வந்தது. ஆனால் பழைய நோய் கிளம்பியவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்காக மருந்தை நிறுத்த வேண்டி வரவில்லை, சிறுநீரகப் புற்றுநோயாளிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. தன்னெதிர்ப்பு நோய் இல்லாத ஆட்களுக்குக் கிடைக்கும் பலனில் இருந்து இது வெகுதூரத்தில் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018இல் பலவகைப் புற்றுநோயாளிகள் 123 பேரின் விபரங்களைச் சேர்த்த ஒரு ஆய்வில் நான்கில் மூன்று பேருக்குப் பழைய நோய் கிளம்பியது அல்லது புதுப் பக்கவிளைவு வந்தது, மூன்று பேர் அதனால் இறந்தார்கள். நான் மேலே சொன்ன 106 பேரும்கூட அநேகமாக நோய் அடங்கியிருந்தவர்கள், பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். ஆகவே “எல்லோருக்கும் கொடுங்கள்” என்று நான் கேட்டால் அது முட்டாள்தனம். 2021இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: முன்பே வாதநோய் இருப்பது இம்யூனோதெரபிக்குத் தடையாக இருக்கக்கூடாது, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை இயன்றளவு குறைந்த அளவில் வைத்திருக்க வேண்டும், ஸ்டீரொய்ட் முடியுமென்றால் நாளுக்கு 10 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குக் கீழே. எழுதியவர்கள் புற்றுநோய் டொக்டர்மார் மட்டும் இல்லை, வாதத்தைப் பார்க்கிற டொக்டர்மார், அந்த வாதம் கிளம்பினால் அடுத்த நாள் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

‘தன்னெதிர்ப்பு நோய்’ என்று ஒரே பெயருக்குள் எவ்வளவை அடக்கிவிடுகிறோம் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மாவுக்குத் தைரொயிட் குறைவு, தைரொக்சின் குளிசை மட்டும் எடுக்கிறார், வேறு ஒன்றும் இல்லை. அவருக்கும் ‘ஓட்டோஇம்யூன்’ என்று சொல்லி இம்யூனோதெரபியைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. தைரொக்சின் மட்டும் எடுப்பவர்கள், இன்சுலின் போடும் முதலாம் வகை நீரிழிவுக்காரர், வெண்தோல் உள்ளவர்கள், பூசுமருந்தோடு அடங்கும் சொரியாசிஸ் உள்ளவர்கள், இவர்களை அந்தப் பெரிய பரிசோதனைகளே பல இடங்களில் சேர்த்துக்கொண்டன! பரிசோதனை அனுமதித்தவரை எங்கள் கிளினிக் அனுமதிக்கவில்லை என்றால் அதை யார் திருத்துவது?

அதேநேரம், ‘இல்லை’ என்றது சரியாக இருந்த வீடும் எனக்குத் தெரியும். மயஸ்தீனியா கிராவிஸ் உள்ள ஒரு அண்ணை, தசைகள் சோர்ந்துபோகும் நோய், முன்பு ஒருமுறை மூச்சுத்திணறி ஐசியூவில் இருந்தவர். அவருக்கு அந்த நோய் கிளம்பினால் மூச்சே நின்றுபோகலாம், இந்த மருந்துகளால் வரும் இதயத்தசை அழற்சியும் மயஸ்தீனியாவும் சேர்ந்து வரக்கூடியவை என்பதையும் அவர் குடும்பத்துக்கு விளக்கமாகச் சொன்னார்கள். அவர் குளிசையோடு இருக்கிறார், அந்த முடிவில் அவருக்கு ஒரு மனக்குறையும் இல்லை, ஏனென்றால் ஏன் என்று அவருக்குத் தெரியும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களும் அப்படித்தான், அவர்களில் பத்தில் நான்கு பேருக்குக் கிட்ட உடம்பு அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்கிறது, அது வாதத்தோடு ஒப்பிடக்கூடிய விஷயமே இல்லை. மூளையையோ நரம்பையோ இதயத்தையோ தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் ஒரு பக்கம், மணிக்கட்டு வீங்கும் வாதம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சரி, ஏன் இரண்டு டொக்டர்மாரும் சேரவேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்? அக்காவின் உடம்பையே எடுத்துப் பாருங்கள். ஒரு சிறுநீரகம்தான் மிச்சம். மெதோட்ரெக்சேட் சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது, ஆகவே சிறுநீரகத்தின் வேலை குறையக் குறைய அந்த மருந்து உடம்பில் தேங்கும். அந்த அளவைப் பார்க்க வேண்டியவர் வாதநோய் டொக்டர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியட்டினின் ரிப்போர்ட் இருப்பதோ புற்றுநோய் கிளினிக்கின் கொப்பியில். மூட்டு நோகும்போது எங்கள் சனம் பாமசியில் டைக்ளோபெனக் வாங்கிப் போடும், ஒற்றைச் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. வயிற்று எரிவுக்கென்று மாதக்கணக்காக ஒமெப்ரசோல் போடுவார்கள், இம்யூனோதெரபியோடு அது சேரும்போது சிறுநீரக அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இதில் எதையும் ஒரு கிளினிக் மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாது.

பிறகு ஸ்டீரொய்ட். இதைப் பற்றி ஊரில் ஓடும் கதை ஆபத்தானது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாரோ வட்ஸ்அப்பில் அனுப்புவார், ‘ஸ்டீரொய்ட் எடுத்தால் இம்யூனோதெரபி வேலை செய்யாது’ என்று. உடனே வருடக்கணக்காகப் பிரெட்னிசொலோன் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்திவிடுவார். திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி கைவிட்டு, பிறசர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அவருக்குத் தெரியாது. உண்மை கொஞ்சம் சிக்கலானது. சிகிச்சை தொடங்கும்போது நாளுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீரொய்ட் எடுத்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததாக நுரையீரல் புற்றுநோயாளிகளில் பார்த்தார்கள். பிறகு பிரித்துப் பார்த்தபோது, புற்றுநோயின் துன்பத்தைத் தணிக்க ஸ்டீரொய்ட் கொடுக்கப்பட்டவர்கள்தான் மோசமாக இருந்தார்கள், வேறு வருத்தத்துக்காக எடுத்தவர்கள் அவ்வளவு இல்லை. பக்கவிளைவு வந்த பிறகு கொடுக்கும் ஸ்டீரொய்டால் புற்றுநோய் மீண்டும் பெருகிவிடும் என்று பயப்படவும் பெரிய காரணம் இல்லை. இதை எல்லாம் நோயாளிக்கு யார் சொல்வது? கிளினிக்கில் சொல்லாவிட்டால் வட்ஸ்அப் சொல்லும்.

இன்னொன்று, நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கும் தூள்கள், லேகியங்கள். தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர் இந்தச் சிகிச்சையில் இருக்கும்போது அவற்றில் எது உள்ளே போகிறது என்று டொக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், ஏச்சு விழும் என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள்.

அக்காவின் கதையை முடிக்கிறேன். பசோபனிப் கொஞ்சக் காலம் நோயைப் பிடித்து வைத்திருந்தது, பிறகு புள்ளிகள் வளரத் தொடங்கின. அந்த நேரம் நாங்கள் காட்டிய வேறொரு நிபுணர், எங்களை முன்னால் இருத்திக்கொண்டே வாதநோய் டொக்டருக்குப் போன் எடுத்தார். சில நிமிடப் பேச்சு. வாதம் இப்போது அடங்கியிருக்கிறது, பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராமுக்கு இறக்கலாம், மெதோட்ரெக்சேட்டின் அளவை இரத்தப் பரிசோதனை பார்த்து மாற்றலாம், இரண்டு ஊசியும் சேர்த்துக் கொடுக்காமல் நிவோலுமாப் மட்டும் கொடுக்கலாம், ஏனென்றால் இபிலிமுமாப் சேர்ந்தால் பக்கவிளைவு கூடும் என்று பேசி முடித்தார்கள். பிறகு அக்காவிடம் திரும்பி, “மூட்டு மோசமாகலாம், அதைச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறோம். உங்களுக்கு எது பெரிது?” என்று கேட்டார். அக்கா சொன்னார், “கை வீங்கினால் தேங்காய் துருவ ஒராள் வேணும் டொக்டர், அதுக்கு ஆள் இருக்கு.” தொடங்கிய பிறகு மணிக்கட்டும் முழங்காலும் வீங்கத்தான் செய்தன. பிரெட்னிசொலோனைச் சில கிழமைகளுக்குக் கூட்டிப் பிறகு இறக்கினார்கள், ஊசி தொடர்ந்தது. கடைசி ஸ்கானில் புள்ளிகள் வளரவில்லை, சில சிறுத்திருக்கின்றன. இது எவ்வளவு காலம் நிற்கும் என்று ஒருவரும் எங்களுக்கு வாக்குறுதி தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த ஒரு போன் அழைப்பு ஒரு நல்ல மனிதரின் பழக்கமாக இல்லாமல் நடைமுறையாக வேண்டும். மாதத்தில் ஒருநாள் யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ, புற்றுநோய், வாதநோய், சிறுநீரகம், தேவைப்பட்டால் நரம்பு, குடல் நிபுணர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளின் கொப்பிகளை மட்டும் எடுத்து வைத்துப் பேச முடியாதா? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருப்பவர்கள் வீடியோவில் இணையலாம், அவர்களுக்குப் பயணம் தேவையில்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் ஆட்கள் நடந்து சேர்த்த காசில் எழும்பியது. நாட்டின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடக்க ஆள் இருந்தபோது, ஒரு வாட்டில் இருந்து அடுத்த கிளினிக்குக்கு ஒரு கொப்பி போவது முடியாத காரியம் இல்லை.

மருந்தை மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் ஏற்றினாலும் இங்கே ஏற்றினாலும், பக்கவிளைவு வருவது வீட்டில், அநேகமாக இரவில். இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கவலை. வயிற்றோட்டம் வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜீவனியை (உப்புச் சீனித் தூளை) கரைத்துக் குடிப்போம், அது குடல் அழற்சியாக இருக்கலாம். இருமலும் மூச்சிளைப்பும் வந்தால் நியூமோனியா என்று அன்டிபயோட்டிக் தொடங்குவார்கள், அது மருந்தால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். களைப்பும் தலைசுற்றும் என்று கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் சேலைன் ஏற்றி விடுவார்கள், அட்ரினல் சுரப்பியோ பிட்யூட்டரிச் சுரப்பியோ கைவிட்டிருக்கலாம். கண் இமை தொங்கினால், இரட்டையாகத் தெரிந்தால், நெஞ்சு அடைத்தால் ஒரு மணித்தியாலமும் வீணாக்கக் கூடாது. இதயத்தசை அழற்சி வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் வந்தால் பலர் தப்புவதில்லை, அதுவும் சிகிச்சையின் முதல் கிழமைகளிலேயே வரக்கூடியது. தைரொயிட், ஈரல் பிரச்சினைகள் மெதுவாக, சிலவேளை ஊசி நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரும். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு நிற்கும் இளம் டொக்டருக்கு, எதிரில் இருப்பவர் கீமோ எடுப்பவர் இல்லை, இம்யூனோதெரபி எடுப்பவர் என்று எப்படித் தெரியும்? வீட்டுக்காரருக்கு மருந்தின் பெயரே வாயில் வராது.

ஆகவே ஒரு அட்டை வேண்டும். சட்டைப் பையில் வைக்கக்கூடிய அளவு, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலமும் சிங்களமும். என்ன மருந்து, கடைசியாக எப்போது ஏற்றியது, முன்பே இருந்த தன்னெதிர்ப்பு நோய் என்ன, ஸ்டீரொய்ட் அளவு என்ன, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், இரவில் எந்த இலக்கத்துக்கு அழைப்பது. அக்சிட்டினிப் போன்ற குளிசையும் சேர்ந்து எடுப்பவர் என்றால் அதையும் எழுத வேண்டும், வயிற்றோட்டம் எந்த மருந்தால் என்று பிரித்தறிய முதலில் அந்தக் குளிசையை நிறுத்திப் பார்க்கலாம், அது உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும், ஊசி அப்படிப் போகாது.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைகளும் பெரிய செலவுக்காரியங்கள் இல்லை. தைரொயிட், அட்ரினலுக்குக் காலை கோர்ட்டிசோல், சீனி, ஈரல், கிரியட்டினின், இதயத்துக்கு ஈசிஜி, ட்ரொபோனின். இவற்றின் ஆரம்ப அளவு கையில் இல்லாவிட்டால் பிறகு கூடியதா குறைந்ததா என்று யாருக்குத் தெரியும்? காசநோய், ஹெப்படைட்டிஸ்-பி பரிசோதனையும் அதோடு சேர வேண்டும், ஏனென்றால் குடல் அழற்சி ஸ்டீரொய்டுக்கு அடங்காவிட்டால் நோயெதிர்ப்பை அடக்கும் இன்ப்ளிக்சிமாப் என்ற மருந்தைப் போட நேரலாம், அது உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடும். எங்கள் ஊரில் காசநோய் ஒழிந்துபோகவில்லை.

காசைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. இந்த ஊசிகளின் விலையைக் கேட்டு பாதிக் குடும்பங்கள் அங்கேயே எழும்பிவிடும், கனடாவிலோ லண்டனிலோ ஒரு பிள்ளை இருப்பவர்கள் மட்டும் இருந்து யோசிப்பார்கள். 2022இல் சாதாரண மருந்துக்கே நாடு எப்படித் தவித்தது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நாளைக்கே எல்லோருக்கும் இலவசம் என்று கேட்கவில்லை. ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோயில் இந்தியாவின் டாட்டா மெமோரியல் வைத்தியசாலை மிகக் குறைந்த அளவு நிவோலுமாப், வெறும் 20 மில்லிகிராம், மூன்று கிழமைக்கு ஒருமுறை கொடுத்து, ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் 16 வீதத்தில் இருந்து 43 வீதமாகக் கூடியதை 2022இல் காட்டியது. சிறுநீரகப் புற்றுநோய்க்கு அதே அளவு போதும் என்று அதில் இருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் எங்களைப் போன்ற நாடுகள் தங்களுக்கென்று கேள்வி கேட்டுத் தாங்களே விடை தேடலாம் என்பதற்கு அது சாட்சி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் தன்னெதிர்ப்பு நோயாளிகளுக்கென்றே நிவோலுமாப் பரிசோதனை ஒன்றைத் தொடங்கியது. யாழ் மருத்துவ பீடம் 1978இல் இருந்து இருக்கிறது. வடக்கில் தன்னெதிர்ப்பு நோயும் புற்றுநோயும் சேர்ந்து உள்ளவர்கள் யார், யாருக்கு எந்த மருந்து கொடுத்தோம், என்ன நடந்தது என்று ஒரு பதிவேடு தொடங்குவதற்குக் கோடிக்கணக்கில் காசு தேவையில்லை, ஒரு கணினியும் ஒரு பொறுப்பான ஆளும் போதும். ‘இல்லை’ என்று சொல்லப்பட்டவர்களையும் அதில் எழுதுங்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்பதை இன்றுவரை யாரும் எண்ணவில்லை.

அந்த அட்டையின் தமிழ் வரைவை அக்காவுக்காக நான் எழுதி வைத்திருக்கிறேன். மருத்துவப் பிழைகள் இருக்கும், அதைத் திருத்தித் தர ஒரு புற்றுநோய் டொக்டரும் ஒரு வாதநோய் டொக்டரும் அரை மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். அச்சடிக்கும் செலவை நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஏற்கிறோம். எந்தக் கிளினிக் நாள் என்று சொல்லுங்கள், கொண்டு வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கோண்டாவிலில் இருந்து, ஒரு நோயாளியின் தம்பி